அமைதியான தெருவில் 240 வீட்டு அடுக்குமாடி: ஆட்சேபனை மனுவில் எதை எழுதினால் எடுபடும்?

கயல்விழி (கேள்வி)

தெருமுனையில் இருக்கும் ஒரு ஹெக்டேர் காலி மனைக்கு எட்டு மாடி, 240 வீடு, இரண்டு அடுக்கு பேஸ்மென்ட் என்று திட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் போயிருக்கிறது. சுற்றிலும் ஒரு மாடி, இரண்டு மாடியாக ஏறக்குறைய 200 தனி வீடுகள். தார்ச்சாலையின் அகலம் 6 மீட்டர், இரு ஓரத்திலும் கார்கள் நிற்கின்றன. கழிவுநீர்க் குழாய் 150 மி.மீ. ஆட்சேபனைக்குக் கொடுத்த 28 நாளில் ஆறு நாள் போய்விட்டது.

குடியிருப்போர் சங்கம் ஒரே கடிதத்தை அச்சடித்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறது. அதில் ஐந்து காரணங்கள்: அமைதி கெடும், மனை மதிப்பு குறையும், யார் யாரோ குடிவருவார்கள், கார்கள் பெருகும், சாக்கடை பொங்கும். இந்தக் கடிதம் நிற்குமா? எதை மாற்ற வேண்டும்? இருக்கிற 22 நாளில் என்ன அளக்கலாம்?

இளங்கோ

ஐந்தில் முதல் மூன்றை இன்றே அடித்துவிடுங்கள். மனை மதிப்பைப் பல இடங்களில் திட்ட அதிகாரிகள் கணக்கில் எடுப்பதே இல்லை. "அமைதி கெடும்" என்று பொதுவாகச் சொன்னால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. மூன்றாவது வரி ஆபத்தானது. இன்னும் குடிவராத மனிதர்கள்மேல் சொல்ல நம்மிடம் ஒரு குறையும் இல்லை. அந்த ஒரு வரிக்காகவே உங்கள் நியாயமான கேள்விகளும் சேர்ந்து தள்ளுபடியாகும்.

அடுத்து, அந்த மனைக்கு இப்போதுள்ள விதி எதை அனுமதிக்கிறது என்று பாருங்கள். நிலப் பயன்பாடு, தளப்பரப்புக் குறியீடு (மொத்தத் தளப்பரப்பை மனைப் பரப்பால் வகுத்த எண்), உயரம், எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி, இந்த நான்கும் போதும். திட்டம் நான்குக்குள்ளும் அடங்கினால் "240 வீடு வேண்டாம்" என்று கேட்டுப் பயனில்லை. வடிவமைப்பையும் நிபந்தனைகளையும் மட்டுமே மாற்ற முடியும். ஏதாவது ஒன்றில் தளர்வு கேட்டிருந்தால் பிடி உங்கள் கையில். ஒவ்வொரு தளர்வும் தனி வேண்டுகோள் என்பதால், ஒவ்வொன்றையும் எண் போட்டுத் தனியாக எதிர்க்க வேண்டும்.

குறியீட்டை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு வீடு 90 சதுர மீட்டர் என்றால் 240 வீடு 21,600. நடைவழி, படிக்கட்டு, லிஃப்ட் என்று 20 சதவீதம் சேர்த்தால் 25,900 சொச்சம். மனை 10,000 சதுர மீட்டர், ஆகவே குறியீடு 2.6. விண்ணப்பத்தில் 2.0 என்று போட்டிருந்தால் நடுவில் எதையோ விட்டிருக்கிறார்கள். பால்கனி, வாகன நிறுத்தத் தளம், இயந்திர அறை எல்லாம் விதிப்படி விடக்கூடியவைதானா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

வரைபடங்களில் முதலில் பார்க்க வேண்டியது வெட்டுத்தோற்றம், அதாவது கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்த்தது போன்ற படம். உயரம் எந்தத் தரைமட்டத்திலிருந்து அளக்கப்பட்டிருக்கிறது? மனையை ஒன்றரை மீட்டர் மண் போட்டு உயர்த்திவிட்டு, உயர்த்திய தரையிலிருந்து 24 மீட்டர் என்று எழுதினால் தெருவில் நிற்பவருக்கு அது 25.5 மீட்டர். பக்கத்து வீடுகள் வரைபடத்தில் இருக்கின்றனவா, இருந்தால் சரியான உயரத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அழகான வண்ணப் படங்களில் பக்கத்து வீடு இருக்கும் இடத்தில் மரம் நிற்பது அடிக்கடி நடக்கிறது.

கையெழுத்து விஷயம்: ஒரே வாசகம் உள்ள 400 கடிதம் கோப்பில் ஒரு ஆட்சேபனையாகத்தான் சுருங்கும். பத்து வீட்டார் ஆளுக்கு ஒரு பிரச்சினையை எடுத்து, ஒரே பக்கத்தில், ஓர் அளவு, ஒரு புகைப்படம், கடைசியில் "இதற்குப் பதிலாக இதைச் செய்யுங்கள்" என்ற ஒரு வேண்டுகோளோடு எழுதட்டும். பத்துக்கும் பத்து பதில் தயாரிக்க வேண்டிவரும். கொடுத்த தேதி பதிந்த ஒப்புகை நகலை ஒவ்வொருவரும் வாங்கி வைக்க வேண்டும். பிறகு மேல்முறையீட்டுக்குப் போனால் முதலில் கேட்பார்கள்.

தேன்மொழி

கார்கள் பற்றி. எல்லாரும் "தெரு தாங்காது" என்று எழுதுவார்கள். தெரு தாங்கும். தெரு வாய், அதாவது முதன்மைச் சாலையில் சேரும் இடம், தாங்குமா என்பதுதான் கேள்வி.

கார் அதிகம் வைத்திருக்கும் அடுக்குமாடிகளில் ஒரு வீட்டுக்கு நெரிசல் மணியில் சுமார் 0.5 வண்டிப் பயணம் என்று வைத்துக் கணக்குப் போடலாம். 240 வீட்டுக்கு 120, நிமிடத்துக்கு இரண்டு வண்டி. கேட்கப் பெரிதாக இல்லை. ஆனால் காலையில் அதில் 70 சதவீதம் வெளியே போகிறது, அதாவது 84. அத்தனையும் முதன்மைச் சாலையில் இடைவெளி பார்த்துத்தான் நுழைய வேண்டும். சிக்னல் இல்லாத சந்திப்பில் எதிர்வரும் வண்டிகளைக் கடந்து திரும்ப ஒருவருக்கு ஏறக்குறைய 7 விநாடி இடைவெளி தேவை. பின்னால் நிற்பவர் அதே இடைவெளியில் நுழைய இன்னும் 3.5 விநாடி. முதன்மைச் சாலையில் மணிக்கு 1,200 வண்டி ஓடினால், இந்தக் கணக்கில் தெருவிலிருந்து மணிக்கு சுமார் 170 வண்டிதான் வெளியேற முடியும். அங்கே 1,500 ஓடினால் அது 105 ஆகச் சுருங்கிவிடும். இப்போது உங்கள் தெருவிலிருந்து காலையில் 60 வண்டி வெளியே போகிறது என்று வையுங்கள். 84 சேர்ந்தால் 144. முதல் நிலைமையில் 85 சதவீதம் நிரம்பி வரிசை கட்டத் தொடங்கும். இரண்டாவதில் வரிசை கரையவே கரையாது.

ஆகவே அளக்க வேண்டியது முதன்மைச் சாலையை. செவ்வாய், புதன், வியாழனில் ஏதாவது இரண்டு நாள். பள்ளி விடுமுறையோ மழையோ கூடாது. காலை 7 முதல் 10, மாலை 4 முதல் 7. சந்திப்பில் இரண்டு பேர், 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம் போட்ட தாள். ஒருவர் முதன்மைச் சாலையின் இரு திசைகளையும் எண்ண, மற்றவர் தெருவிலிருந்து இடம், வலம் திரும்புவதை எண்ண வேண்டும். கார், இருசக்கரம், பேருந்து, லாரி தனித்தனிப் பத்தி. நிற்கும் வரிசையின் நீளத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள். விண்ணப்பத்தோடு வந்த போக்குவரத்து அறிக்கையில் எண்ணிய தேதி இருக்கும். அது விடுமுறை நாளாக இருந்தால் அந்த ஒன்றே போதும், புதிதாக எண்ணச் சொல்லிக் கேட்கலாம்.

தீயணைப்பு வண்டி இன்னொன்று. 6 மீட்டரில் இருபுறமும் கார் நின்றால் தலா 2 மீட்டர் போய்விடும், மிச்சம் 2 மீட்டர். தீயணைப்பு வண்டியின் அகலமே சுமார் 2.5. பிரிட்டன் வழிகாட்டுதல்களில் வண்டி போகும் வழி குறைந்தது 3.7 மீட்டர் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் நிறுத்தினால் 4 மீட்டர் கிடைக்கும். இரவு 11 மணிக்கு டேப்பைக் குறுக்கே பிடித்துப் படம் எடுங்கள். பகலில் எடுத்த படத்துக்கு மதிப்பு இல்லை, நிறுத்தம் உச்சத்தில் இருப்பது இரவில்தான். ஆனால் ஒன்று: ஒரு பக்க நிறுத்தத் தடை வந்தால் அது உங்கள் கார்களுக்கும்தான். சங்கத்தில் அதற்குச் சம்மதம் வாங்கிக்கொண்டு மனு எழுதுங்கள்.

முத்துராமன்

சாக்கடை பொங்கும் என்று சும்மா எழுதாதீங்க. கணக்குப் போட்டுப் பார்த்தா பில்டர் பக்கம்தான் சாயும், அப்புறம் மத்ததையும் நம்ப மாட்டாங்க.

240 வீடு, வீட்டுக்கு 3.5 பேர், ஆளுக்கு நாளைக்கு 150 லிட்டர், அதுல 80 சதவீதம் சாக்கடைக்கு. மொத்தம் 1,00,800 லிட்டர். சராசரியா விநாடிக்கு 1.17 லிட்டர், உச்சத்துல மூணு மடங்குன்னா 3.5. இருக்கிற 200 வீடும் அதே கணக்குல 2.9. ரெண்டும் சேர்ந்து 6.4. உங்க 150 மி.மீ. குழாய் 150 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவுல போட்டிருந்தா நிரம்ப ஓடுறப்போ 12.4 லிட்டர் கடத்தும். பாதி நிறைஞ்ச மாதிரி ஓடும், அவ்வளவுதான்.

பொங்குறது ரெண்டு காரணத்தால. முதல் காரணம் மழை. 100 சதுர மீட்டர் மொட்டைமாடித் தண்ணியை யாராவது சாக்கடையில இணைச்சிருந்தா, மணிக்கு 50 மி.மீ. மழையில அந்த ஒரு வீடே விநாடிக்கு 1.4 லிட்டர் தள்ளும். அஞ்சு வீடு அப்படி இருந்தா 7. மேல சொன்ன 6.4-ஓட சேர்த்தா குழாய் நிரம்பிடும். இந்த இணைப்பு பழைய வீடுகள்லதான் இருக்கும், அதாவது உங்க பக்கம். மனு கொடுக்கறதுக்கு முன்னாடி அதைச் சரிபண்ணுங்க. மழைநாள்ல மேன்ஹோல்ல நீர்மட்டம் எவ்வளவு ஏறுது, வறண்ட நாள் காலை ஏழு மணிக்கு எவ்வளவு இருக்குன்னு ரெண்டையும் உள்ளாட்சி ஊழியரை வச்சு அளக்கச் சொல்லுங்க. நீங்களா மூடியைத் திறந்து குனியாதீங்க, உள்ளே இருக்கிற வாயு ஆளையே கொன்னுடும்.

ரெண்டாவது பம்ப். இதை யாரும் கவனிக்கறதில்லை. பெரிய கட்டடத்துல கழிவுநீரைத் தொட்டியில சேர்த்து பம்ப் வச்சு வெளியே தள்ளுவாங்க. பம்ப் ஓடுறப்போ விநாடிக்கு 10 லிட்டர்னா, சராசரி 1.17-ன்னு போட்ட கணக்குக்கு அர்த்தமே இல்லை. காலையில உங்க 2.9-ஓட அந்த 10 சேர்ந்து 12.9 ஆகுது, குழாயோட கொள்ளளவு 12.4. கீழ இருக்கிற வீட்டுக் குளியலறையில தண்ணி எதிர்த்து வரும். விண்ணப்பத்துல பம்ப் வேகம் என்ன, தொட்டி எத்தனை மணி நேரம் தாங்கும், மின்சாரம் போனா மாற்று என்னன்னு மூணும் கேளுங்க. கேட்க வேண்டிய நிபந்தனை: வெளியேற்றம் விநாடிக்கு 4 லிட்டருக்கு மேல போகக்கூடாது, காலை 6-லிருந்து 9 வரை தொட்டியில தேக்கி வைக்கணும்.

சாக்கடையைவிட மழைநீர்தான் பெரிய விஷயம். காலி மனையில விழுற மழையில 35 சதவீதம் வெளியே ஓடும்னு வச்சுக்கங்க. கான்கிரீட் ஆனப்புறம் 85. மணிக்கு 50 மி.மீ. மழை, ஒரு ஹெக்டேர்: முன்னாடி விநாடிக்கு 49 லிட்டர், பின்னாடி 118. கூடுதல் 69 லிட்டரும் உங்க தெருப் பள்ளத்துக்குத்தான் வரும். ஒரு மணி நேரத்துக்குத் தேக்கணும்னா ஏறக்குறைய 250 கன மீட்டர் தொட்டி வேணும். 100 சதுர மீட்டர் பரப்பு, 2.5 மீட்டர் ஆழம். வரைபடத்துல அது எங்கேன்னு காட்டச் சொல்லுங்க. உங்க ஊர் மழை அளவைப் போட்டுக் கணக்கை மாத்திக்கங்க, முறை இதுதான். தொட்டி இருந்தா மட்டும் போதாது. வெளியேறும் துளையில சேறு அடைச்சுக்கும், ரெண்டு வருஷத்துல வேற சாமான் போட ஆரம்பிச்சிடுவாங்க. ஆண்டுக்கு ஒரு தடவை தூர்வாரி அறிக்கை தரணும்னு அனுமதியிலேயே எழுத வைக்கணும்.

கயல்விழி

மிக்க நன்றி. சங்கத்தில் பேசிக் கடிதத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். மனையை ஒட்டி ஒன்பது வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்கு வெளிச்சமும் பேஸ்மென்ட் தோண்டலும்தான் பயம். அதற்கு என்ன அளவு உண்டு?

தேன்மொழி

வெளிச்சத்துக்குப் பரவலாகப் பயன்படும் முதல் சோதனை 25 பாகைக் கோடு. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்தது. கீழ்த்தள ஜன்னலின் நடுவிலிருந்து கிடைமட்டத்துக்கு 25 பாகை மேலே ஒரு கோடு வரையுங்கள். புதுக் கட்டடம் கோட்டுக்குக் கீழே அடங்கினால் வெளிச்சம் பெரிதாகக் குறையாது. ஜன்னல் நடு 1.6 மீட்டர் உயரத்தில், கட்டடம் 24 மீட்டர் என்றால் 48 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 12 மீட்டரில் நின்றால் கோட்டுக்குள் வருவது வெறும் 7.2 மீட்டர், அதாவது இரண்டு மாடி. கோட்டைத் தாண்டினால் உடனே நிராகரிப்பு இல்லை. ஜன்னலுக்குத் தெரியும் வானத்தின் பங்கைக் கணிக்க வேண்டும். அது 27 சதவீதத்துக்குக் கீழே போய், முன்பிருந்ததில் 0.8 பங்கைவிடவும் குறைந்தால், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் என்பது அதே வழிகாட்டியின் அளவு. ஒன்பது வீட்டுக்கும் இந்தக் கணக்கைத் தரச் சொல்லிக் கேளுங்கள். தெருவைப் பார்த்த ஜன்னல்களுக்கு மட்டும் போட்டுக் கொடுத்திருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நிழலை மட்டும் வைத்து வாதாடுவதை நான் விரும்புவதில்லை. சூரியன் 30 பாகையில் இருக்கும்போது 24 மீட்டர் கட்டடத்தின் நிழல் 41.6 மீட்டர் நீளும் என்பது உண்மை. ஆனால் வெயில் கொளுத்தும் ஊரில் மாலை நிழல் யாருக்கும் தீங்கில்லை, குளிர் நாட்டில்தான் அது இழப்பு. வெப்பமான இடங்களில் கேட்க வேண்டியது காற்று அடைபடுவதையும் ஏசி வெளிப்புறப் பெட்டிகளின் சூட்டையும். அவை எந்தச் சுவரில் வருகின்றன, உங்கள் படுக்கையறைக்கு எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். ஜெனரேட்டரின் புகைக்குழாயும் அப்படியே.

வேண்டுகோள் இப்படி இருக்கட்டும்: ஒன்பது வீட்டுப் பக்கம் மூன்று மாடி, அங்கிருந்து படிப்படியாக ஏறி முதன்மைச் சாலைப் பக்கம் எட்டு அல்லது ஒன்பது. வீட்டு எண்ணிக்கை குறையாமலேயே இதைச் செய்ய இடம் இருக்கிறது. அதனால்தான் கட்டுமான நிறுவனங்களும் இதற்கு இறங்கி வருகின்றன.

இளங்கோ

பேஸ்மென்ட் பற்றி நான் சொல்கிறேன். ஆட்சேபனை தோற்றாலும் கைவிடக் கூடாத பகுதி இதுதான்.

இரண்டு அடுக்கு என்றால் ஏறக்குறைய 7 மீட்டர் ஆழம். பக்கத்து நிலம் இறங்கும் பாதிப்பு, தோண்டும் விளிம்பிலிருந்து ஆழத்தின் இரு மடங்கு வரை எட்டலாம், 14 மீட்டர். களிமண் இளகியிருந்தால் இன்னும் தூரம். தோண்டும்போது நிலத்தடி நீரை இறைத்தால் அதையும் தாண்டும். தடுப்புச் சுவர் எந்த வகை, மண் ஆய்வுத் துளைகள் எத்தனை, உங்கள் எல்லைப் பக்கம் ஒரு துளையாவது போட்டார்களா, நீரை இறைத்தால் எங்கே விடுவார்கள்: இவை கேள்விகள். மனையின் நடுவில் மட்டும் துளை போட்டு எல்லைச் சுவருக்குத் தடுப்பு வடிவமைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

வேலை தொடங்கும் முன் ஒன்பது வீட்டிலும் நிலை ஆய்வு வேண்டும். இரு தரப்புக்கும் பொதுவான பொறியாளர் செய்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு அறையின் நான்கு சுவர், மேற்கூரை, தரை, காம்பவுண்ட் சுவர் எல்லாம் படம். விரிசல் இருந்தால் பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுக்க வேண்டும், விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுத வேண்டும். பிறகு நீண்டால் கோட்டைத் தாண்டியது தெரியும். அகலத்தை விரிசல் அளவு அட்டையால் மி.மீ. கணக்கில் குறியுங்கள். ஒரு மி.மீ.க்குள் என்றால் பெரும்பாலும் பூச்சு வேலையோடு போகும். 5 மி.மீ. தாண்டினால் கதவு ஜன்னல் சிக்கத் தொடங்கும். பழைய விரிசலை மறைக்காதீர்கள். அது இருந்ததை நீங்களே பதிவு செய்தால்தான் புது விரிசலை அவர்கள் மறுக்க முடியாது.

அதிர்வுக்கும் வரம்பு கேட்கலாம். ஜெர்மன் தரநிலை டிஐஎன் 4150-இல் குடியிருப்புக் கட்டடத்தின் அடித்தளத்துக்கு, 10 ஹெர்ட்ஸுக்குக் கீழான அதிர்வில், விநாடிக்கு 5 மி.மீ. வரை. எளிதில் சேதமாகும் பழங்கட்டடத்துக்கு 3. பைலை (அடித்தளத் தூணை) அடித்து இறக்குவதைத் தடுத்து, துளையிட்டு வார்க்கும் முறையைக் கட்டாயமாக்கினாலே பாதிச் சிக்கல் தீரும்.

லாரிக் கணக்கையும் மறக்க வேண்டாம். 5,000 சதுர மீட்டர் பரப்பை 7 மீட்டர் தோண்டினால் 35,000 கன மீட்டர். தோண்டிய மண் 25 சதவீதம் பெருக்கும், சுமார் 43,750. லாரிக்கு 14 கன மீட்டர் என்றால் 3,125 லோடு. நூறு வேலை நாளில் முடித்தால் நாளுக்கு 31 லோடு, போக வர 62 முறை. எல்லாம் அந்த 6 மீட்டர் தெருவில். முதன்மைச் சாலைப் பக்கம் தற்காலிக வாசல், பள்ளி நேரத்தில் லாரிக்குத் தடை, வெளியேறும் இடத்தில் சக்கரம் கழுவும் தொட்டி. இவை எழுத்தில் வராவிட்டால் வேலை தொடங்கிய பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

ராஜலட்சுமி

மாற்றுக் கருத்து ஒன்று சொல்ல வேண்டும். நகரங்களில் வாடகை ஏறுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, வீடு கட்ட விடாமல் ஒவ்வொரு தெருவும் தடுப்பது. நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016-இல் தன் குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதியில் அடர்த்தியைக் கூட்ட அனுமதித்தது, அதன்பின் கட்டுமான அனுமதிகள் வெகுவாகக் கூடின. அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகர மன்றம் 2018-இல், தனி வீடு மட்டுமே கட்டலாம் என்ற விதியை நீக்கும் திட்டத்தை ஏற்றது. உங்கள் தெருவில் 240 குடும்பத்துக்கு இடம் மறுத்தால் அவர்கள் நகரத்துக்கு வெளியே போய்த் தினமும் இரண்டு மணி நேரம் பயணம் செய்வார்கள். அந்தக் கார்களும் ஏதோ ஒரு தெருவில்தான் ஓடும். மேலே சொன்ன அளவுகள் எல்லாம் சரி, ஆனால் அவற்றை அனுமதியை இழுத்தடிக்கும் கருவியாக்காதீர்கள். காலதாமதத்தின் செலவு கடைசியில் வாங்குபவர் தலையில்தான் விழும்.

இளங்கோ

ராஜலட்சுமி சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு. கயல்விழி, மனுவின் முதல் வரியிலேயே "இந்த மனையில் வீடுகள் வருவதை எதிர்க்கவில்லை" என்று எழுத உங்கள் சங்கம் துணியுமா என்று பாருங்கள். எழுதினால் மீதிப் பக்கங்களைப் படிக்கும் விதமே மாறும்.

விசாரணைக் கூட்டம் வைத்தால் ஆளுக்கு மூன்று நிமிடம் போலத்தான் கிடைக்கும். ஒன்பது பேர் பேசினால் ஒன்பது விஷயம், ஒன்றும் திரும்ப வரக்கூடாது. வாகன எண்ணிக்கை எடுத்தவர் வாகன எண்ணிக்கை மட்டும் பேசட்டும். கேட்கும் நிபந்தனைகளை ஒரே தாளில், அனுமதி ஆணையில் அப்படியே ஒட்டக்கூடிய வாசகமாக எழுதிக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். "போதிய வடிகால் வசதி" என்று எழுதாதீர்கள். "250 கன மீட்டர் தேக்கத் தொட்டி, வெளியேற்றம் விநாடிக்கு 49 லிட்டருக்கு மிகாமல், குடியேற்றச் சான்றிதழுக்கு முன் சோதித்துக் காட்ட வேண்டும்" என்று எழுதுங்கள்.

கயல்விழி

அந்த முதல் வரியை நாளைக் கூட்டத்தில் வைக்கிறேன். வாகன எண்ணிக்கைக்கு வரும் செவ்வாயும் வியாழனும் ஆறு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மொட்டைமாடி இணைப்பு எத்தனை வீட்டில் இருக்கிறது என்று இந்த வாரமே பார்க்கத் தொடங்குகிறோம்.

முத்துராமன்

பார்க்கிறப்போ மாடியில ஒரு வாளி சாயத் தண்ணி ஊத்துங்க. கீழ மேன்ஹோல்ல ஊழியர் நின்னு பார்த்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும். வீட்டுக்கு ஒரு நிறம் மாத்துங்க, இல்லேன்னா எது யாரோடதுன்னு குழம்பிடும்.